யார் வினவுகிறார்? பல்கலைக்கழகச் சமூக அறிவியல் வகுப்பறைகளில் செயல்வழிக் கற்பித்தல்: ஒரு திறனாய்வு

முன்னுரை

இந்தியப் பல்கலைக்கழக வகுப்பறைகளில் ஆசிரியர் குறிப்புரைக்க, மாணவர் அதனை எழுதிக்கொண்டு தேர்வில் ஒப்புவிக்கும் முறை நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டு வருகிறது. 1948-இல் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் தன் அறிக்கையை அளித்தது. சீர்திருத்தம் ஒன்றை மட்டுமே பரிந்துரைக்க வேண்டுமெனில் தேர்வு முறையையே திருத்த வேண்டும் என்பது அவ்வறிக்கையின் புகழ்பெற்ற கருத்து. அதன் பின்னர் வந்த குழுக்களும் கொள்கைகளும் இக்குறையை வெவ்வேறு சொற்களால் மீண்டும் மீண்டும் சுட்டியுள்ளன.

இக்குறையைப் போக்கும் மருந்தாகப் புத்தொளிப் பயிற்சிகளிலும் பயிலரங்குகளிலும் பரிந்துரைக்கப்படுபவை செயல்வழிக் கற்பித்தல் முறைகள். குழு உரையாடல், பாத்திரமேற்று நடித்தல், நிகழ்வாய்வு, களப்பணி, செயல்திட்டம், மாணவரே பாடம் நடத்துதல் முதலியன அவற்றுள் அடங்கும். இம்முறைகள் அனைத்தும் மாணவரை வாளாவிருக்கும் நிலையிலிருந்து விடுவிக்க முனைகின்றன. ஆயின், மாணவர் எதையேனும் செய்கிறார் என்பது மட்டுமே கற்பித்தலின் புதுமைக்குச் சான்றாகுமா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

சமூக அறிவியலுக்கு இவ்வினா தனிச்சிறப்புடையது. வேதியியல் மாணவர் தாம் ஆராயும் அமிலத்தின் உறுப்பினர் அல்லர். சமூகவியல், பொருளியல், அரசியல் பயிலும் மாணவரோ தாம் பயிலும் பொருளுக்குள்ளேயே வாழ்பவர். குடும்பம், சாதி, பால், மொழி, ஊர், நிலவுடைமை ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டே அவர் வகுப்பறைக்குள் நுழைகிறார். எனவே இத்துறைகளில் ஒரு கற்பித்தல் முறையின் தகுதியை மூன்று வினாக்களைக் கொண்டு அளத்தல் வேண்டும். வினாவை அமைப்பவர் யார்? விடை கூறுபவர் யார்? அவ்விடை வகுப்பறையின் அறிவை மாற்றுமா? இவ்வளவுகோலைக் கொண்டு சில வரலாற்று நிகழ்வுகளையும் இன்றைய நடைமுறைகளையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

செயல்வழிக் கற்றல் என்னும் தொடர் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டளவில் தொடக்கப்பள்ளிகளில் பரவலாக்கப்பெற்ற அட்டைவழி முறையையே பலருக்கும் நினைவூட்டும். உயர்கல்வியில் இதற்கிணையான கருத்தைப் பரவலாக்கியது 1991-இல் அமெரிக்காவில் சார்லஸ் பான்வெல், ஜேம்ஸ் ஐசன் ஆகிய இருவரும் எழுதிய அறிக்கையாகும். மாணவர் செயல்களில் ஈடுபடுவதும், தாம் செய்வதைப் பற்றிச் சிந்திப்பதும் சேர்ந்ததே செயல்வழிக் கற்றல் என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தின் முற்பகுதி பயிலரங்குகளில் எளிதாக ஏற்கப்பட்டது. பிற்பகுதியோ பெரும்பாலும் கைவிடப்பட்டது. செய்தல் கண்ணுக்குப் புலனாவது. சிந்தித்தல் அவ்வாறு புலனாகாதது என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

இக்கருத்தின் வேர் இன்னும் பழையது. ஜான் டூயியின் ‘டெமாக்ரசி அண்ட் எஜுகேஷன்’ என்னும் நூல் 1916-இல் வெளிவந்தது. பட்டறிவையும் அதன்மீதான எண்ணத்தையும் பிரித்தலாகாது என்பதும், கல்வி என்பது பகிர்ந்து வாழும் வாழ்வின் ஒரு கூறு என்பதும் அந்நூலின் அடிப்படை நிலைப்பாடுகள். டூயிக்குச் செயல் என்பது உத்தி அன்று. மக்களாட்சி வாழ்வின் பயிற்சி. அந்நூல் வெளிவந்த அதே 1916-ஆம் ஆண்டில், இந்தியச் சமூகத்தைப் பற்றிய இரு மாணவர் முயற்சிகள் இருவேறு கண்டங்களில் நிகழ்ந்தன. செயல்வழிக் கற்பித்தலின் ஆற்றலையும் எல்லையையும் அறிய அவை இரண்டும் பெரிதும் துணைபுரிகின்றன.

1916: சென்னை

கில்பர்ட் ஸ்லேட்டர் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றை எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக அவர் 1915-இன் இறுதியில் பொறுப்பேற்றார். தொழிலாளர்க்கு உயர்கல்வி வழங்குவதற்கென நிறுவப்பெற்ற கல்லூரியிலிருந்து வந்த அவர், ஆங்கிலப் பாடநூலை விளக்குவதோடு தம் பணி முடிந்ததாகக் கருதவில்லை. வினாநிரல் ஒன்றின் துணையுடன் மாணவர்களைத் தம் சொந்த ஊர்களைப் பற்றி எழுதச் செய்தார். நிலம், பயிர், கூலி, கடன், மக்கள்தொகை, குடியிருப்பு முதலியன பற்றி மாணவர்கள் திரட்டியவை அவருடைய பதிப்பில் 1918-இல் ‘சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்’ என்னும் நூலாக வெளிவந்தன.

அன்றைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தின் வடமலாபுரம் ஆகிய ஊர்கள் அந்நூலில் இடம்பெற்றவற்றுள் சில. வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கிய இப்பணி பின்னர் பெற்ற வாழ்வு வியப்பிற்குரியது. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்கொண்ட மறு ஆய்வு 1940-இல் நூலாயிற்று. 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகன் முதலியோர் மறு ஆய்வுகளை நடத்தினர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 1916 முதல் 2008 வரையிலான இருவேல்பட்டின் மாற்றங்களை ஆராய்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டனர். மாணவர் ஒப்படைப்பு ஒன்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆய்வுக்கு அடித்தளமாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதன் வெற்றிக்கு ஒரு காரணத்தைத் தெளிவாகச் சுட்டலாம். ஸ்லேட்டர் விடை அறிந்த வினாவை மாணவரிடம் கேட்கவில்லை. இருவேல்பட்டில் கூலி எவ்வளவு என்பது பேராசிரியருக்குத் தெரியாது. நூலகத்திலும் அது கிடையாது. மாணவர் சென்று கேட்டு வந்தாலன்றி வகுப்பறை அதனை அறிய வழியில்லை. ஆசிரியர் அறியாததை மாணவர் கொணரும்போது வகுப்பறையின் அதிகார உறவே சற்று இடம்மாறுகிறது. இன்றைய பல செயல்திட்டங்களில் இவ்வியல்பு காணப்படுவதில்லை. ஆசிரியர் முன்னரே அறிந்த முடிவை மாணவர் வண்ண அட்டையில் எழுதி ஒட்டுவது செயலேயன்றி ஆய்வு ஆகாது.

ஆயினும் இம்முறையின் எல்லையையும் உடன் நோக்குதல் வேண்டும். 1916-இல் பல்கலைக்கழகக் கல்வி பெற்றோர் பெரும்பாலும் உயர்சாதியினரும் நிலவுடைமையாளர் குடும்பத்தினருமே. மாணவர் தம் ஊருக்கே செல்வதால் அவர் அங்கு அயலார் அல்லர். இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அறியப்பட்டவர். நிலமுடையவர் வீட்டுப் பிள்ளை கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கும்போது, சேரியில் வாழ்பவர் கூறும் விடை வெறும் தகவல் அன்று. அதில் அச்சம், மரியாதை, எதிர்பார்ப்பு ஆகியவை கலந்திருக்கும். இருவேல்பட்டில் கடனால் தலைமுறை தலைமுறையாக நிலக்கிழாரைச் சார்ந்திருந்த படியாள்களைப் பற்றி அந்நூல் பதிவுசெய்கிறது. அப்பதிவு மிகுந்த மதிப்புடையது. ஆனால் அது படியாள்களைப் பற்றிய பதிவு. அவர்கள் எழுப்பிய வினாக்களின் பதிவு அன்று. வினாநிரல் பேராசிரியருடையது, பேனா மாணவருடையது, விடை மட்டுமே அவர்களுடையது.

1916: நியூயார்க்

அதே ஆண்டு மே 9-ஆம் நாள் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்க வகுப்பில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். அவர் பி. ஆர். அம்பேத்கர். இந்தியாவில் சாதிகளின் இயக்கமுறை, தோற்றம், வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றிய அக்கட்டுரை 1917 மே மாதம் ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ இதழில் வெளியாயிற்று. பரோடா அரசின் உதவித்தொகையில் 1913-இல் அங்குச் சென்ற அம்பேத்கர், டூயியிடமும் பாடம் கேட்டவர்.

அக்கட்டுரையில் அம்பேத்கர் செய்தவற்றைக் கற்பித்தல் நோக்கில் காணுதல் வேண்டும். செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் சாதிக்கு வகுத்த இலக்கணங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அவர் மதிப்பிட்டார். சாதியின் சாரம் அகமணமே என நிறுவினார். கணவனை இழந்த பெண், மனைவியை இழந்த ஆண் ஆகியோரைக் குழுவுக்குள்ளேயே எவ்வாறு அடக்குவது என்னும் சிக்கலிலிருந்து சதி, கட்டாய விதவைநிலை, குழந்தைமணம் ஆகியவற்றை விளக்கினார். ஆட்சியாளரின் இனக்கொள்கை விளக்கத்தை ஏற்க மறுத்தார். தம் வாழ்வின் இழிவுகளை அவர் அங்குச் சான்றுப்பொருளாக அடுக்கவில்லை. அவ்விழிவுகளை விளைவிக்கும் அமைப்பையே ஆய்வுப்பொருளாக்கினார்.

கருத்தரங்க வகுப்பு என்னும் எளிய முறைக்கு இதில் பங்குண்டு. ஒரு மாணவர் கட்டுரை படைக்க, ஏனையோரும் ஆசிரியரும் கேட்டு வினவும் அம்முறைக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மாணவர் வினாவையே கொணரலாம் என்னும் உரிமை ஒன்றே அதன் உயிர். அம்பேத்கரின் அறிவாற்றலை வகுப்பறை முறை படைத்தது என்று கூறுவது பொருந்தாது. எனினும் அவ்வாற்றல் வெளிப்படுவதற்கான இடத்தை அம்முறை அளித்தது எனக் கூறுவது மிகையாகாது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு துலங்குகிறது. சென்னையில் மாணவர் தரவைக் கொணர்ந்தார்; நியூயார்க்கில் மாணவர் கோட்பாட்டைக் கொணர்ந்தார். இரண்டும் செயல்வழிக் கற்றலே. ஆயின் எந்த மாணவர் தரவு திரட்டுவார், எவர் கோட்பாடு சமைப்பார் என்னும் பங்கீடு இயல்பாக அமைவதன்று. கோபால் குரு 2002-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை, இந்தியச் சமூக அறிவியல்களில் கோட்பாட்டாக்கம் மேல்சாதியினரின் உடைமையாகவும் அனுபவத் தரவு ஒடுக்கப்பட்டோரின் பங்காகவும் பிரிந்து கிடப்பதை விமர்சித்தது. இவ்விமர்சனம் ஆய்வுலகை நோக்கியது. ஆனால் வகுப்பறைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

‘உங்கள் அனுபவத்தைக் கூறுங்கள்’ என்பது பங்கேற்பு முறைகளில் மிகுதியும் வழங்கும் ஒரு கட்டளை. சாதி பற்றிய பாடத்தில் இக்கட்டளை பிறக்கும்போது வகுப்பின் பார்வை யாரை நோக்கித் திரும்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட மாணவர் தம் காயத்தைக் காட்டுவார்; ஏனையோர் அதனைக் கேட்டு நெகிழ்ந்து, பின்னர்ப் பொதுமைப்படுத்திப் பேசுவர். அகமணத்தால் பயன்பெறும் குடும்பத்தில் பிறந்த மாணவரிடம் அவர் குடும்பத்தின் மணமுறை பற்றி எவரும் வினவுவதில்லை. செயல் மிகுந்த இத்தகைய வகுப்பு, அமைதியாகக் குறிப்பெழுதும் வகுப்பைவிடக் கொடியதாகவும் அமைந்துவிடக் கூடும்.

நோக்கம் இழந்த உத்தி

பயிலரங்குகளில் மிகுதியும் கற்பிக்கப்படும் உத்திகளுள் ஒன்று ஜிக்சா முறை. பாடத்தைப் பல கூறுகளாக்கிக் குழுவின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு கூற்றை அளிப்பர். ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றாலன்றி எவருக்கும் முழுப்பாடம் கிட்டாது. இதனை வடிவமைத்தவர் சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன், இடம் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம், காலம் 1971. நிறவேற்றுமைப் பிரிவினை அகற்றப்பட்டு வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிக் குழந்தைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் அமர்ந்தபோது அங்குப் பகைமை மூண்டது. ஒருவர் தோற்றால் மற்றவர் வெல்லும் போட்டி வகுப்பறையே பகையை வளர்க்கிறது எனக் கண்ட ஆரன்சன் குழுவினர், ஒருவரையொருவர் சாராமல் கற்க இயலாத அமைப்பை உருவாக்கினர். ஏளனம் செய்யப்பட்ட குழந்தையின் சொல்லுக்கு ஏனையோர் செவிசாய்த்தே ஆகவேண்டிய நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இவ்வரலாறு நீக்கப்பட்டே இம்முறை இந்திய வகுப்பறையை வந்தடைந்துள்ளது. வருகைப் பதிவேட்டு வரிசைப்படியோ அமர்ந்திருக்கும் பலகைப்படியோ மாணவர் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். நண்பர்கள் நண்பர்களோடும், விடுதியினர் விடுதியினரோடும், ஆங்கிலவழி வந்தோர் தம்முள்ளும் சேர்ந்துகொள்கின்றனர். பல்கலைக்கழக வளாகங்களில் பாகுபாடு நிலவுவதை உணர்ந்தே பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. அத்தகைய சூழலில், பிரிந்து அமரும் மாணவரை ஒருவர் மற்றவரின் அறிவைச் சார்ந்து நிற்கச் செய்வதே ஜிக்சா முறையின் உண்மையான பயனாக இருக்கும். அந்நோக்கம் நீங்கிய பின் எஞ்சுவது நேரத்தைப் பங்கிடும் ஓர் உத்தி மட்டுமே.

நன்னூலும் மாணாக்கரும்

இத்தகைய முறைகள் மேலைநாட்டுச் சரக்கு என்பாருக்கு விடையாக நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துக்காட்டுவது தமிழ்த்துறைகளில் வழக்கம். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், ஆசிரியரிடம் கேட்பதால் மாணாக்கர் பெறுவது காற்பங்கே என்கிறார். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கணக்கு. சகமாணவர் உரையாடலும் மாணவரே கற்பித்தலும் இக்கணக்கில் முக்காற்பங்கு பெறுகின்றன. இது பெருமைக்குரியதே.

எனினும் பெருமையோடு நின்றுவிடுவது திறனாய்வு ஆகாது. யாருக்கு நூல் உரைக்கலாம் என்பதையும் அதே பாயிரம் வரையறுக்கிறது. தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், உரையை விரைந்து கொள்பவன் என அப்பட்டியல் அமைகிறது. திறனுக்கு அதில் இடமுண்டு. ஆனால் உறவும் செல்வமும் அதிகாரமும் திறனுக்கு முன்னர் நிற்கின்றன. கற்கும் முறை எத்துணைச் சிறப்புடையதாயினும், அம்முறைக்குள் நுழைபவர் யார் என்னும் வினா அன்றும் உடனிருந்தது என்பதனை இதனால் அறியலாம். காற்கூற்றுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மாணாக்கர் பட்டியலை விட்டுவிடுவது, ஜிக்சா முறையை ஆஸ்டின் வரலாற்றிலிருந்து பிரித்தெடுப்பதற்கு ஒப்பாகும்.

படிவத்துக்குள் அடங்கும் செயல்

1994-இல் நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு 2017-இல் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தி அமைத்தது. பட்டறிவுவழிக் கற்றல், பங்கேற்புக் கற்றல், சிக்கல் தீர்க்கும் முறை ஆகிய மாணவர் மையக் கற்பித்தல்கள் அதில் தனிக் குறியீடாக இடம்பெற்றன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் உரையாடல்வழி, கண்டறிதல்வழிக் கற்றலை வலியுறுத்தியது. கொள்கை அளவில் இவை வரவேற்கத்தக்கனவே. குறிப்பெழுதும் பழக்கத்தை மாற்ற விரும்பிய ஆசிரியர்க்கு நிறுவனத்தின் ஆதரவு கிடைக்க இவை வழிசெய்தன என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆனால் மதிப்பீட்டுக்குச் சான்று வேண்டும். சான்றுக்கு ஒளிப்படமும் கையொப்பப் பட்டியலும் நிகழ்ச்சி அறிக்கையும் வேண்டும். இதன் விளைவாக, ஒளிப்படத்தில் தெரியக்கூடிய செயலே செயலாக மதிக்கப்படும் நிலை உருவாகிறது. கிராமத்துக்குப் பேருந்தில் ஒருநாள் சென்று பதாகையுடன் நின்று திரும்புவது ‘களப்பணி’ எனப் பதிவாகும். ஒரு மாணவி தன் பாட்டியிடம் பத்து மாலைகள் அமர்ந்து நாற்று நடவுக் கூலியின் வரலாற்றைக் கேட்டறிவது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பருவமுறையின் குறுகிய காலமும், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணின் சிறு பங்கும், ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் கௌரவ விரிவுரையாளரின் நிலையற்ற பணியும் இதனை மேலும் இறுக்குகின்றன. அடுத்த பருவத்தில் தாம் இருப்போமா என அறியாத ஆசிரியர், நெடுநாள் தொடரும் ஆய்வில் மாணவரை ஈடுபடுத்துவது அரிது.

தேர்வுத் தாளும் இதனோடு முரண்படுகிறது. பருவம் முழுவதும் விவாதித்த மாணவர் இறுதியில் ‘சாதியின் இயல்புகளை விவரி’ என்னும் வினாவுக்கே விடையெழுத வேண்டியுள்ளது. அவ்வினாவுக்குரிய விடை கையேட்டில் இருக்கிறது. எது மதிப்பெண் பெறுமோ அதனையே மாணவர் கற்பர். தேர்வு முறையைத் தொடாமல் கற்பித்தல் முறையை மட்டும் மாற்றுவது, 1949-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிய நோயை விட்டுவிட்டு அதன் குறிகளுக்கு மட்டும் மருந்திடுவதாகும்.

ஒரு சொல்லிலிருந்து ஒரு பாடம்

மேற்கண்ட விமர்சனம் செயல்வழிக் கற்பித்தலை மறுப்பதன்று. அதனை அதன் நோக்கத்தோடு மீண்டும் இணைக்க வேண்டுவது. இதற்குப் ‘படியாள்’ என்னும் ஒரு சொல்லே போதிய பாடப்பொருளாகும். படி என்பது அளவு. படியளத்தல் என்பது தானியமாகக் கூலி கொடுத்தல். தமிழில் ‘படியளக்கும் பெருமாள்’ என இறைவனையும் கூறுவர். கூலியைக் குறிக்கும் சொல் அருளையும் குறிப்பதால், வாங்குபவர் உரிமையாளராகவன்றி இரப்பவராகவும் நன்றிக்கடன் பட்டவராகவும் தோன்றுகிறார். ஆங்கிலத்தில் இதனைப் பண்ணையடிமை எனப் பொருள்படும் சொல்லால் பெயர்க்கும்போது சட்டநிலை புலப்படுகிறது. அருளாகக் காட்டப்படும் கூலியின் கருத்தியல் மறைகிறது.

இச்சொல்லைக் கொண்டு அமையும் வகுப்பு நான்கு நிலைகளில் செல்லலாம். முதலில், 1918-ஆம் ஆண்டு நூலின் இருவேல்பட்டுப் பகுதியை மாணவர் படித்து, இதனைக் கூறுபவர் யார், யாரிடம் கேட்டார் என ஆராய்வர். அடுத்து, பிந்தைய மறு ஆய்வுகளைக் குழுக்கள் பகிர்ந்துகொண்டு ஒன்றுக்கொன்று விளக்கும். நிலக்கிழார் ஆதிக்கம் தளர்ந்ததும், வேளாண்மைக்கு வெளியே வேலை பெருகியதும், தலித் மக்களின் சார்புநிலை குறைந்ததும் ஒரு குழுவின் பகுதியில் மட்டும் முழுமையாகக் கிடைப்பன அல்ல. எனவே பிறர் கூறுவதைக் கேட்டேயாக வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பம் இவ்வுறவில் எப்பக்கம் நின்றது என்பதனைத் தமக்காக எழுதுவர். அதனை வகுப்பில் படிக்கும் கட்டாயம் எவர்க்கும் இல்லை. இறுதியாக, இன்று தம் ஊரில் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் எவை என மாணவரே வினாநிரல் அமைப்பர்.

நான்காம் நிலையே இப்பாடத்தின் உயிர்நிலை. ஸ்லேட்டரின் வகுப்பில் ஆசிரியரிடம் இருந்த வினாநிரல் இங்கு மாணவரிடம் வருகிறது. படியாள் ஒருவரின் பேத்தி அமைக்கும் வினாவும் நிலக்கிழாரின் பேரன் அமைக்கும் வினாவும் ஒன்றாக இரா. அவ்விரு வினாக்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதே அன்றைய வகுப்பின் கோட்பாட்டுப் பாடம். மூன்றாம் நிலையில் காக்கப்படும் தனிமை, காயத்தைக் காட்சியாக்கும் கேட்டினைத் தடுக்கும்.

இத்தகைய பாடத்துக்கு மொழி இன்றியமையாதது. களத்தில் தாய்மொழியில் கேட்டதை வகுப்பில் ஆங்கிலத்தில் உரைக்கும்போது, ஆங்கிலம் அறிந்தவர் குறைவாகக் கேட்டு நிறைவாகப் பேசுகிறார். அறியாதவர் நிறைவாகக் கேட்டு மௌனம் காக்கிறார். தமிழ்நாட்டுக்கு வெளியே பல மொழியினர் சேர்ந்து பயிலும் பல்கலைக்கழகங்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்குள்ள தமிழ்த்துறை முதலிய இந்திய மொழித்துறைகள் சமூக அறிவியல் துறைகளோடு இணைந்து சொல்லாராய்ச்சி வகுப்புகளை நடத்தலாம். படியாள் என்னும் சொல்லுக்கு இணையாக இந்தி, கன்னடம், மலையாளம், ஒடியா முதலிய மொழிகளில் வழங்கும் சொற்களை மாணவர் கொணரும்போது, ஆங்கிலத்தில் தயங்குபவரே வகுப்புக்கு அறிவளிப்பவர் ஆவார்.

விரிவுரையின் இடம்

செயல்வழிக் கற்பித்தலைப் போற்றுவோர் விரிவுரையை முற்றிலும் பகையாகக் கருதுவதும் ஏற்புடையதன்று. அம்பேத்கரின் கட்டுரை வெற்றிடத்தில் பிறக்கவில்லை. செனார்ட்டையும் ரிஸ்லியையும் கற்றதனாலேயே அவர்களை அவரால் மறுக்க இயன்றது. முன்னறிவு இல்லாத குழு உரையாடல், ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொணர்ந்த முற்சாய்வை மற்றவரோடு பரிமாறிக்கொள்வதில் முடியும். ஒரு கோட்பாட்டைத் தெளிவாக விளக்கி, அதன் வலுவையும் நலிவையும் காட்டி, விடை காணாத ஒரு வினாவில் நிறுத்தும் விரிவுரை மாணவரைப் பெரிதும் செயல்படத் தூண்டும். அவர் உடல் அசையாதிருக்கலாம், அறிவு அசைகிறது. தேவையானது விரிவுரையை ஒழிப்பதன்று. வினவுவதற்கான நேரத்தை அதனுள்ளும் அதன் பின்னும் உறுதிசெய்வது.

பெரிய வகுப்புகளில் இவை இயலா என்னும் வாதத்திலும் ஓரளவு உண்மையுண்டு. அறுபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்னும் நிலையில் ஒவ்வொருவரின் களக்குறிப்பையும் படித்துக் கருத்துரைத்தல் பெருஞ்சுமை. ஆயின் இது முறையின் குறைபாடன்று. ஆசிரியர் நியமனத்தின் குறைபாடு. நிலையான ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் புதுமைக் கற்பித்தலை மட்டும் கோருவது, உழவரின்றி விளைச்சலைக் கோருவதற்கு நிகராகும்.

முடிவுரை

சமூக அறிவியல் வகுப்பறையில் செயல்வழிக் கற்பித்தல் என்பது மாணவரை எழுந்து நடமாடச் செய்யும் உத்திகளின் தொகுப்பன்று. 1916-இன் சென்னை முயற்சி, மாணவர் வகுப்பறைக்குப் புதிய அறிவைக் கொணர முடியும் என்பதைக் காட்டியது. அதே ஆண்டின் நியூயார்க் கருத்தரங்கு, மாணவர் புதிய வினாவையும் கொணர முடியும் என்பதைக் காட்டியது. முன்னதைப் பின்பற்றுவது எளிது. பின்னதற்கு இடமளிப்பது அரிது. தரவு திரட்டும் மாணவரை நிறுவனம் பாராட்டும். அமைப்பையே வினவும் மாணவரை அது எளிதில் ஏற்பதில்லை.

எனவே ஒரு கற்பித்தல் முறை புதுமையானதா என மதிப்பிடும்போது, எத்தனை செயல்கள் நிகழ்ந்தன என்பதைக் காட்டிலும், வினாவை அமைத்தவர் யார் என்பதையே முதற்கண் நோக்குதல் வேண்டும். வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவி அமைத்த வினா ஒன்றேனும் அவ்வாண்டுப் பாடத்தின் போக்கை மாற்றியிருப்பின், அங்குச் செயல்வழிக் கற்றல் நிகழ்ந்துள்ளது எனக் கொள்ளலாம். அவ்வாறு மாற்றாதவிடத்து, அட்டைகளும் பதாகைகளும் எத்துணை மிகுந்திருப்பினும் அங்கு நடப்பது பழைய குறிப்புரைத்தலே ஆகும்.